10 புள்ளிக்கு 850 ராண்ட்

டர்பன் பக்கம் உம்லாங்காவில் ஒரு ஹோட்டல் கூடத்தில் நடந்த ஆசிரியர் பயிலரங்குக்குப் போய்வந்தேன். ஒரு நாள், 850 ராண்ட், மதிய உணவும் அதில் அடக்கம். நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

புள்ளிக்காகத்தான் போனேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்க ஆசிரியர் மன்றத்தின் ஏற்பாட்டில் ஒவ்வோர் ஆசிரியரும் மூன்று ஆண்டுகளுக்குள் 150 புள்ளிகள் சேர்க்க வேண்டும். நாமே முயன்று கற்பது, பள்ளி நடத்துவது, வெளியார் நடத்துவது என்று மூன்று வகை. மூன்றாவதில்தான் இப்படிப்பட்டவர்கள் கடை விரித்திருக்கிறார்கள். புள்ளி ஏறினாலும் சம்பளத்தில் ஒரு சென்ட்கூட ஏறாது.

காலை அமர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரையில் இருந்ததை ஒருவர் வாசித்தார். எங்கள் கையில் கொடுத்த தாளிலும் அதுவே இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. டர்பனில் கூட்டம் வைப்பவருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமே இல்லை. படிவத்தில் சைவம் என்று குறித்துக் கொடுத்திருந்தும் வந்தது கோழிக்கறி. கேட்டதற்கு, வெண்ணெய் தடவிய ரொட்டியும் இரண்டு துண்டு தக்காளியும் கொடுத்தார்கள். டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர் தன் டப்பாவைத் திறந்து பாதிப் புளிச்சோற்றை என் தட்டில் வைத்தார். "வெளிச்சாப்பாட்டை நம்பி விரதம் இருக்க முடியுமா, அம்மா?" என்றார்.

மதிய அமர்வை எடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. 850 ராண்டில் 800 அவருக்கே சேர வேண்டும். அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய தேசிய வாரியம் ஆசிரியர்களுக்குத் தரும் சான்றிதழை வைத்துப் பேசினார்.  அங்கே ஒரு தேர்வு, மாணவரின் வேலைத்தாள்கள், சொந்த வகுப்பின் காணொளி, தன் கற்பித்தலைத் தானே அலசி எழுதுவது என்று நான்கு பகுதிகள். பகுதிக்கு 475 டாலர் வீதம் 1,900 டாலர். தேறியவர்களுக்கு வட கரோலினா சம்பளத்தில் 12 சதவீதம் கூட்டித் தருகிறது. மேரிலாந்து ஆண்டுக்கு 10,000 டாலரும், பின்தங்கிய பள்ளியில் பணியாற்றினால் மேலும் 7,000மும் தருகிறது. "அவர்களுக்குப் பத்தாயிரம் டாலர், நமக்குப் பத்துப் புள்ளி" என்று அக்கா முணுமுணுத்தது மூன்று வரிசைக்குக் கேட்டது.

பிறகு, நாங்கள் கொண்டுவந்திருந்த பத்து நிமிடக் காணொளியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் முகம் தெரியாமல், என்னை மட்டும் எடுத்திருந்தேன். ஐந்தாம் வகுப்பு, பின்னங்கள்: முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டு பெரிதா? கேள்வி முடிந்து இரண்டு விநாடிகூட ஆகவில்லை, பதிலை நானே தொடங்கிவிடுகிறேன். ஆறு கேள்விகளில் நான்கை ஜன்னலோரத்துப் பையனிடமே கேட்டிருக்கிறேன். பதினாறு ஆண்டுகளாக வகுப்பெடுக்கிறேன். ஒருவரும் இதை என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

திங்கட்கிழமை அதே கேள்வியை மறுபடி கேட்டுவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரல்விட்டு ஐந்து வரை எண்ணினேன். நான்காவது விரலில், கடைசி வரிசையில் வாயே திறக்காத பெண் கை தூக்கினாள். "முக்கால்தான் பெரிசு, மிஸ். ரெண்டிலேயும் ஒரு துண்டுதான் குறையுது. கால் துண்டு சின்னது" என்றாள். அந்த விளக்கம் என் பாடக்குறிப்பில் இல்லை.

என் குறை இதுதான். காணொளி கொண்டுவராமல் பின்வரிசையில் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே 10 புள்ளிதான். வருகைத்தாளில் காலையும் மாலையும் கையெழுத்து இருந்தால் போதும். அமெரிக்க மாநிலங்கள் வகுப்பில் நடப்பதற்குச் சான்று கேட்டுவிட்டுப் பணம் தருகின்றன. இங்கே நாற்காலியில் உட்கார்ந்ததற்குப் புள்ளி விழுகிறது. பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பத்து நிமிடக் காணொளிக்கு மட்டுமாவது தனியாக ஐந்து புள்ளி கொடுத்திருக்கலாம்.

சான்றிதழ் வந்து சேர ஏழு வாரமும் மூன்று மின்னஞ்சலும் ஆயின. என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார்கள். திருத்தியது இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றும் மதியத்துக்கு. அந்தத் தலைமையாசிரியை மறுபடி வருகிறார் என்றால் பணம் கட்டுவேன். டப்பாவும் எடுத்துப் போவேன்.