குட்டி கெக்கோவுக்குத் தரையில் எதைப் போடுவது? மணலா, கோகோபீட்டா, டைலா, பேப்பர் டவலா?

லெப்பர்ட் கெக்கோ என்பது கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஒரு பல்லி வகை. அதில் குட்டி ஒன்று வாங்கப் போனால் பல கடைகளில் கூடவே ஒரு மூட்டை மணலையும் தலையில் கட்டிவிடுவார்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது. போன அக்டோபரில் மகளுக்காக ஒன்று வாங்கினோம். எட்டு கிராம் எடை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மிளகு என்று பெயர் வைத்தாள். "பாலைவனப் பிராணி, மணல்தான் சரி, தினமும் ரெண்டு தடவை தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க" என்று சொன்னார்கள், அப்படியே செய்தோம். டொராண்டோவில் நவம்பர் பிறந்து வீட்டு ஹீட்டர் ஓட ஆரம்பித்த பிறகுதான் இரண்டுமே தப்பு என்று புரிந்தது. அதற்குள் மிளகின் இடது முன்காலில் ஒரு விரல் நுனி போய்விட்டது.

முதலில் இது எங்கே வாழும் உயிர் என்று பார்த்துவிடலாம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா. வறண்ட இடம்தான், ஆனால் மணல்மேடு இல்லை. கல்லும் இறுகிப்போன களிமண்ணும் கலந்த நிலம். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு விரலடியில் ஒட்டும் பட்டை இருக்கும், இமை இருக்காது. லெப்பர்ட் கெக்கோ அதற்கு நேர்மாறு: இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும், விரலில் நகம் மட்டும்தான், கண்ணாடியில் ஏற வராது. பகல் முழுக்கக் கல்லிடுக்கிலோ பொந்திலோ கிடக்கும், அந்தப் பொந்துக்குள் காற்று வெளியைவிட ஈரமாக இருக்கும். வெளியே காய்ந்த காற்று, ஒளியும் இடத்தில் ஈரம். தொட்டிக்குள்ளும் இந்த ஏற்பாடு அமைகிறதா என்பதை வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் எடை போடுகிறேன்.

மணலில் ஆரம்பிக்கிறேன், அதுதான் எனக்கு வலித்தது. கால்சியம் மணல் என்று ஒன்று விற்கிறார்கள், வயிற்றில் போனாலும் கரைந்துவிடும் என்று பையிலேயே போட்டிருக்கும். குட்டிகள் வேட்டையில் இன்னும் தேறாதவை, இரையாகப் போடும் சில்வண்டு மீது பாய்ந்தால் பாதி தடவை வாயில் வருவது தரைதான். போதாததற்கு எதையும் நக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளும், கால்சியம் குறைவாக உள்ள குட்டியாக இருந்தால் அந்த மணலையே தேடி நக்கும். மிளகு ஐந்து நாள் சாப்பிடவில்லை, மலமும் போகவில்லை, எடை ஏழு கிராமுக்கு இறங்கியது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார், குடலில் வெள்ளையாக ஒரு கட்டி. வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் பத்து நிமிடம் உட்காரவைத்து, வயிற்றை மெதுவாகத் தடவிவிட்டு, ஒருவழியாக வெளியே வந்தது. எல்லாக் குட்டிக்கும் இப்படி அதிர்ஷ்டம் வாய்க்காது. வால்நட் ஓட்டுத் தூள் இன்னும் மோசம், அதன் முனைகள் கூரானவை. இரண்டையும் எந்த வயதிலும் தொடாதீர்கள்.

கோகோபீட் நமக்குப் பழக்கமான பொருள், மாடித் தோட்டத்துக்கு வாங்கும் அதே நார்த்தூள் கட்டிதான். ஈரத்தைப் பிடித்து வைப்பதில் கெட்டி. ஆனால் லெப்பர்ட் கெக்கோ தொட்டிக்கு அது சரியாக இல்லை. காய்ந்தால் தூசி பறந்து கண்ணில் ஒட்டும், நனைத்து வைத்தால் தரை முழுக்க ஈரமாகிப் பூஞ்சை பிடிக்கும். கிரெஸ்டட் கெக்கோ வைத்திருப்பவர்கள் இதைப் புகழ்வதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அது நியூ கலிடோனியாவின் மழைக்காட்டுப் பிராணி, அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்து 1994-இல்தான் திரும்பக் கண்டுபிடித்தார்கள். அதற்கு இரவில் 70, 80 சதவீத ஈரப்பதம் வேண்டும். இரண்டும் கெக்கோதானே என்று ஒரே யோசனையைக் கொடுப்பதுதான் பல கடைகளில் நடக்கும் தப்பு.

செயற்கைப் புல் மாதிரி வரும் கார்ப்பெட்டில் நகம் மாட்டிக்கொள்ளும், எவ்வளவு துவைத்தாலும் நாற்றம் போகாது. வேண்டாம்.

டைல் நல்ல தேர்வு. சொரசொரப்பான ஸ்லேட் அல்லது பளபளப்பில்லாத செராமிக் டைலை அளவுக்கு வெட்டிப் போட்டால் சூட்டைப் பிடித்து வைக்கும், துடைத்தால் சுத்தம், நகமும் தானாகத் தேயும். குறை என்று சொன்னால் இடுக்கில் சில்வண்டு புகுந்துகொள்ளும், தோண்டவும் முடியாது. மேல்மண் 70, மணல் 30 என்று கலந்து தண்ணீர் விட்டு இறுக்கிக் காயவைத்த தரை, அதன் சொந்த நிலத்தை ஒத்திருப்பதால் வளர்ந்த கெக்கோவுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மண் போட்டால் தொட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட் (சூடாகும் தகடு) ஆகாது. மண் சூட்டை மேலே விடாது, கண்ணாடியடியிலேயே தேங்கும், கெக்கோ தோண்டிக்கொண்டே கீழே போய் வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். மேலிருந்து சூடு தரும் விளக்குக்கு மாறவேண்டும். எதுவாக இருந்தாலும் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஓட்டாதீர்கள், சூடான பக்கத்துத் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 சுமார்.

குட்டிக்கு என் ஓட்டு பேப்பர் டவலுக்குத்தான். வாசனையும் அச்சும் இல்லாத வெறும் வெள்ளை டவல், இரண்டு மடிப்பாக. பார்க்க அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளைத் தரையில் எல்லாம் தெரியும். மலம் பழுப்பாகக் கெட்டியாக இருக்கிறதா, கூட வரும் யூரேட் (கெட்டியான சிறுநீர்க் கழிவு) வெள்ளையா இல்லை மஞ்சளா (மஞ்சள் என்றால் பெரும்பாலும் உடம்பில் நீர் குறைகிறது), சட்டை உரித்த துண்டு எங்காவது கிடக்கிறதா, சாப்பிட்டதைக் கக்கியிருக்கிறதா என்று காலையில் ஒரு பார்வையிலேயே பிடித்துவிடலாம். புதிதாக வந்த குட்டிக்கு ஒட்டுண்ணி இருந்தாலும் தாளைச் சுருட்டி எறிந்துவிடலாம், மண்ணை அப்படி எறிய முடியாது.

இனி ஈரப்பதம். லெப்பர்ட் கெக்கோ தொட்டிக்கு 30 முதல் 40 சதவீதம் போதும். எங்கள் வீட்டில் ஜனவரியில் 18 காட்டியது. கடையில் கொடுத்த முள் வைத்த மீட்டர் அதே நேரத்தில் 50 என்றது, அதை நம்பித்தான் ஏமாந்தோம். டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள், வாங்கியதையும் சோதித்துப் பாருங்கள்: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஒரு ஜிப் பைக்குள் வைத்து இறுக்கி மூடி ஒரு ராத்திரி விடுங்கள். 75 காட்ட வேண்டும்.

ஸ்ப்ரே அடித்தால் ஈரப்பதம் மளமளவென்று ஏறும், அரை மணியில் இறங்கிவிடும், தரை மட்டும் நனைந்தே கிடக்கும். குளிர்ச்சியான பக்கத்தில் நனைந்த தரை என்றால் மூச்சுக்குழாய்த் தொற்றுக்கு வழி. அறைக்கு ஹியூமிடிஃபையர் வைத்தோம், 32 வரை ஏறியது, எங்கள் தொண்டைக்கும் நல்லதாகத்தான் இருந்தது, ஆனால் பனிக்காலத்தில் ஜன்னல் எல்லாம் தண்ணீர் வழிந்தது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவே போதாது.

ஈரப் பொந்துதான் சரியான வழி. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டில் கெக்கோ நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். உள்ளே நனைத்துப் பிழிந்த பேப்பர் டவல். எல்லாரும் ஸ்பாக்னம் பாசி போடச் சொல்வார்கள், பெரியதற்குப் போடுங்கள், குட்டி அதையும் விழுங்கும். டப்பாவைச் சூடான பக்கத்தை ஒட்டி வையுங்கள், குளிர்ந்த பக்கத்தில் வைத்தால் ஆவி எழாது. டவலை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் உள்ளே 70, 80 நிற்கும், தொட்டியின் மற்ற இடம் காய்ந்தே இருக்கும்.

குட்டிகள் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை சட்டை உரிக்கும், அதனால்தான் இது இவ்வளவு முக்கியம். உரிப்பதற்கு முதல் நாளே தோல் சாம்பல் பூசினாற்போல் வெளுக்கும், உரித்ததைத் தானே தின்றுவிடும். முடிந்ததும் விரல்களை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். மிளகுக்கு ஒரு விரலில் வெள்ளை நூல் சுற்றினாற்போல் பழைய தோல் நின்றிருந்தது, நாங்கள் அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டோம். அடுத்த தடவை உரித்தபோது அதன்மேல் இன்னொரு சுற்று இறுகி, ரத்தம் ஓடாமல் நுனி கறுத்து விழுந்தது. அப்படி நின்றால் மூடியுள்ள ஒரு டப்பாவில் வயிறு தொடும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம் விட்டு, ஈரமான காது பட்ஸால் விரல் நுனியை நோக்கி உருட்டி எடுங்கள். காய்ந்த தோலை ஒருபோதும் பிடித்து இழுக்காதீர்கள்.

டப்பா வைத்ததிலிருந்து ஒரு விரலிலும் தோல் நிற்கவில்லை. இப்போது மிளகு 34 கிராம், உடம்பில் இருந்த பட்டைகள் உடைந்து புள்ளியாகிக்கொண்டு வருகின்றன. அடுத்த மாதம் சூடான பக்கத்தில் மட்டும் ஸ்லேட் டைல் போடப் போகிறோம், மறுபக்கம் இன்னும் பேப்பர்தான், ஈரப் பொந்து இருக்கும் இடத்திலேயே இருக்கும்.