வேலூர் பழக்கடையில் பெர்சிமன்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

ஐப்பசி பிறந்ததும் வேலூரின் பெரிய பழக்கடைகளில் ஆப்பிள் பெட்டிக்குப் பக்கத்தில் பெர்சிமன் என்ற ஆரஞ்சு நிறப் பழம் தட்டுப்படும். பெரும்பாலும் வடக்கத்திச் சரக்கு. நமக்கு அது அடைமழைக் காலம். ஸ்ரீபெரும்புதூர் ஆலை வேலைக்கு வந்து தங்கிய கொரியக் குடும்பங்களுக்கோ அந்த ஆரஞ்சு நிறம்தான் இலையுதிர்காலம். அங்கே இலையெல்லாம் கொட்டிய மரத்தில் பழம் மட்டும் தொங்கும். பறவைகளுக்கென்று உச்சிக்கிளையில் சிலவற்றைப் பறிக்காமல் விடுவார்கள். முன்னோர் படையலிலும் சீன இலந்தை, செஸ்ட்நட், பேரிக்காயோடு இதுவும் உண்டு.

அவர்கள் வீட்டுக்கு வாங்கிப் போவதாக இருந்தால் முதலில் வடிவத்தைப் பாருங்கள். தட்டையாக, தக்காளி மாதிரி இருப்பது ஃபுயூ. கெட்டியாகவே தோல் சீவித் தின்னலாம். அடி கூம்பியது ஹச்சியா. கெட்டியாக இருக்கும்போது கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். கரையும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் செய்யும் வேலை அது. பழுக்கப் பழுக்க டானின் கரையாத நிலைக்கு மாறும், துவர்ப்பு போய்விடும். மூடிய டப்பாவில் இரண்டு வாழைப்பழத்தோடு வைத்தால் சில நாளில் கூழாகக் குழையும். அதுதான் கொரியர்கள் சொல்லும் ஹோங்சி, ஸ்பூனால் வழித்துத் தின்பது. கனிவதற்கு முன் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். கேசரி, பாயசத்தில் போட்டுக் கொதிக்கவிடவும் வேண்டாம்; சூட்டில் துவர்ப்பு திரும்பி வரும்.

காயவைத்து கொட்கம், அதாவது கொரிய உலர் பெர்சிமன், செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொரியாவில் சாங்ஜு ஊர்ப்பக்கம் தோல் சீவிய துவர்ப்புப் பழத்தைக் காம்பில் நூல் கட்டி, குளிர்ந்த உலர்காற்றில் ஒரு மாதத்துக்கு மேல் தொங்கவிடுகிறார்கள். இங்கே பழம் வரும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றுதான். ஈரக்காற்றில் சீக்கிரமே பூசணம் பிடிக்கும், இல்லாவிட்டால் புளிக்கும். ஏலகிரிக்குக் கொண்டுபோனாலும் மழை விடாது. பழம் உலர்த்தும் டீஹைட்ரேட்டர் கருவி இருந்தால் ஃபுயூவை அரை சென்டிமீட்டர் வில்லைகளாக அரிந்து, 57 டிகிரி செல்சியஸில், வளைத்தால் ஒடியாத பதம் வரும்வரை வையுங்கள். சுவை நன்று, கொட்கத்தின் பிசுபிசுத்த நடுப்பகுதி மட்டும் கிடைக்காது.

ஆக, ஃபுயூ தாராளமாக வாங்கலாம். பொறுமை உள்ளவர்களுக்கு ஹச்சியா. அசல் கொட்கம்தான் வேண்டுமென்றால் சென்னையின் கொரிய மளிகைக் கடைகளில் கேளுங்கள். மேலே மாவுபோல வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுக்காதீர்கள், பழத்தின் சர்க்கரை வெளியே படிந்தது அது. பஞ்சுபோல எழும்பியோ பச்சை தட்டியோ இருந்தால்தான் பூசணம்.