ராஸ்பெர்ரி பை 3-இல் எஸ்எச்டி31: நீண்ட நாள் ஓடும் ஐ2சி டிரைவர் எங்கே சறுக்குகிறது?

வீவக (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் நடைபாதையில் ஈரப்பதம் அளக்க எஸ்எச்டி31 சென்சார் நல்ல தேர்வு. ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினியுடன் அது ஐ2சி என்னும் இரண்டு ஒயர் பஸ் வழியே பேசும்; அதை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர். முகவரி ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 44. பை 3-இல் 3-ஆம் பின் எஸ்டிஏ (தரவு), 5-ஆம் பின் எஸ்சிஎல் (கிளாக்). ஒயர் மாட்டுவதெல்லாம் பத்து நிமிட வேலைதான், வம்பு பிறகுதான் வரும்.

பையின் ஐ2சி கன்ட்ரோலருக்குக் கிளாக் ஸ்ட்ரெச்சிங் (தயாராகும்வரை சென்சார் கிளாக்கைப் பிடித்துவைப்பது) ஒத்துவராது. சென்சார் பிடித்துவைத்த கிளாக்கை விட்டதும் சில வேளை துடிப்பு குறுகி, பிட் தவறிவிடும். ஆகவே ஸ்ட்ரெச்சிங்கோடு அளக்கும் ஹெக்ஸ் 2சி06 கட்டளை வேண்டாம், ஸ்ட்ரெச்சிங் இல்லாத 2400 போதும். லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள எஸ்எச்டி3எக்ஸ் டிரைவரும் ஸ்ட்ரெச்சிங் இல்லாத வழியை மட்டுமே ஆதரிக்கிறது, சரியான முடிவு. சொந்தமாக எழுதினால், கட்டளையின் 2 பைட்டை அனுப்பி, 16 மில்லி விநாடி தூங்கி, 6 பைட் வாசியுங்கள். அவசரப்பட்டால் சென்சார் ஏக் (ஒப்புதல் பிட்) தராது, -121 பிழை வரும். அனுப்புவதற்கும் வாசிப்பதற்கும் நடுவே பஸ் பூட்டியிருக்காது. இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் கேட்டால் அளவீடுகள் குழம்பும், அதனால் முழுவதையும் ஒரு மியூடெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) வையுங்கள். இரண்டு சிஆர்சி (பிழை கண்டறியும்) பைட்டுகளையும் சோதிக்காத டிரைவரை நம்பவே கூடாது.

டிரைவரைத் திட்டுமுன் ரெசிஸ்டரைப் பாருங்கள். பை போர்டிலேயே 1.8 கிலோ ஓம் புல்-அப் (ஒயரை 3.3 வோல்ட்டுக்கு இழுத்துவைக்கும் ரெசிஸ்டர்) உண்டு. தலா 4.7 கிலோ ஓம் உள்ள மூன்று மாட்யூல்களை மாட்டினால் மொத்தம் சுமார் 840 ஓம் ஆகிவிடும். 3.3 வோல்ட், 3 மில்லியாம்பியர் கணக்கில் குறைந்தபட்சம் 970 ஓமாவது வேண்டும். கூடுதல் புல்-அப்களைக் கழற்றிவிடுங்கள். ஒயர் நீண்டால் சிக்கல் வேறு: கெபாசிட்டன்ஸ் 400 பிகோஃபாரட்டைத் தாண்டக் கூடாது.

ஐ2சி பஸ்ஸை ஸ்கேன் செய்யும்போது சென்சார் முகவரி இருக்கும் இடத்தில் 'யுயு' தெரிந்தால் பதற வேண்டாம், டிரைவர் அந்தச் சிப்பைப் பிடித்திருக்கிறது என்றே பொருள்.

சிங்கப்பூருக்கே உரிய தலைவலி ஒன்றும் உண்டு. விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும். 80-க்கு மேல் 60 மணி நேரம் தொடர்ந்தால் அளவீடு சுமார் 3 விழுக்காடு கூடுதலாகக் காட்டலாம். காய்ந்த காற்றில் மெல்ல மீளும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் இது டிரைவர் பிழை போலவே தோன்றும். நீர் படிந்தால் ஹெக்ஸ் 306டி கொடுத்து ஹீட்டரைப் போட்டு, 3066 கொடுத்து அணையுங்கள். ஹீட்டர் எரியும்போதும், அணைத்துச் சூடு ஆறும் வரையும் வரும் எண்களைப் பதிவுசெய்யாதீர்கள்.