பழைய ஹோலோவா, புதிய ஹோலோவா?

'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லும் யாருக்கும் முதலில் வரும் குழப்பம், 2008-ல் வந்ததைப் பார்ப்பதா, 2024-ல் வந்ததைப் பார்ப்பதா என்பதுதான். இரண்டையும் முழுசாகப் பார்த்தவன் என்ற முறையில் என் தீர்ப்பைச் சொல்கிறேன்.

கதை ஒன்றுதான். இசுனா ஹசேகுரா 2006-ல் எழுதத் தொடங்கிய நாவல் வரிசை. இடைக்கால ஐரோப்பாவைப் போன்ற ஒரு கற்பனை உலகம். கிராஃப்ட் லாரன்ஸ் குதிரை வண்டியில் சரக்கேற்றி ஊர் ஊராகப் போகும் வியாபாரி. வயது 25. பாஸ்லோ என்ற கிராமத்தில் நூற்றாண்டுகளாகக் கோதுமை விளைச்சலைப் பார்த்துக்கொண்ட ஓநாய்த் தெய்வம் ஹோலோ, பெண் உருவில் அவன் வண்டியில் ஏறிக்கொள்கிறாள். வடக்கே அவள் பிறந்த யோயிட்சுவுக்குக் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். வாளும் இல்லை, போரும் இல்லை. பேரம், கடன், ஆப்பிள், கொஞ்சம் மது.

போட்டி என்றாலும் இது இரண்டு வேறு கடைகளுக்கு நடுவே நடப்பதல்ல. 2008-ஐ இயக்கிய தகேயோ தகாஹாஷிதான் 2024-க்கும் தலைமை இயக்குநர். லாரன்ஸுக்கு ஜூன் ஃபுகுயாமா, ஹோலோவுக்கு அமி கொஷிமிசு என்று குரல்களும் அதே குரல்கள்தான். அதே சமையல்காரர் பதினாறு வருஷம் கழித்து அதே குழம்பைத் திரும்ப வைத்திருக்கிறார். மாறியிருப்பது பக்குவம்.

ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நாவலில் பாஸ்லோ கிராமத்துக்காரன் யாரெய் என்று ஒருவன் வருகிறான். லாரன்ஸுக்குப் பழக்கமானவன், கோதுமை பேரம் பேசுகிறவன். 2008-ல் இவனைத் தூக்கிவிட்டு, லாரன்ஸ் மேல் ஆசை வைத்திருக்கும் க்ளோயி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பார்க்க அது சின்ன மாற்றம்தான். ஆனால் கடைசியில் அந்தக் கிராமத்து ஆள் துரோகியாக எதிரே வந்து நிற்கும்போது கதையின் எடையே மாறிவிடுகிறது. யாரெய்க்கு ஹோலோவிடம் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. புது விவசாய முறைகள் வந்துவிட்டன, இனி விளைச்சலுக்குத் தெய்வத்தின் தயவு தேவையில்லை, அவ்வளவுதான் அவன் கணக்கு. தான் காத்த ஊரே தன்னைச் செல்லாக்காசாக்கிவிட்டது என்பதுதான் ஹோலோவின் தனிமை. அந்த இடத்தில் க்ளோயியை நிறுத்தினால் பொறாமை வந்து முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. 2024 யாரெயைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த ஒன்றுக்காகவே முதல் கதையில் என் ஓட்டு புதியதற்கு.

வியாபார விஷயத்திலும் புதியது நிதானமாகப் போகிறது. முதல் கதையின் மையம் திரெனி என்ற வெள்ளிக் காசு. அதில் வெள்ளியின் அளவு கூடப்போகிறது என்று ஒரு இளம் வியாபாரி லாரன்ஸிடம் ஆசை காட்டுகிறான். அவன் பொய் சொல்வது ஹோலோவின் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு நாணய மாற்றுக் கடையில் பழைய காசையும் புதுக் காசையும் குலுக்கிக் கேட்டு, வெள்ளி குறைந்திருக்கிறது என்கிறாள். அப்படியானால் லாபம் யாருக்கு? பத்துக் காசை உருக்கிப் பதினொன்றாக அடித்தால் மிஞ்சும் ஒன்று அரசனுக்கு. அதற்கு உருக்கப் பழைய காசு வேண்டும். அதை முன்கூட்டியே திரட்டி வைப்பவர்கள் அரசனிடம் வணிகச் சலுகை கேட்டு வாங்கலாம். வெறும் கற்பனை இல்லை இது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1544 வாக்கில் செய்ததும் இதே வேலைதான். (தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல் இருப்பதை ஹோலோ கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.)

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், இந்த இருவரும் காதலைச் சொல்வதே கணக்கு மொழியில்தான். முதல் கதை முடிவில் ஹோலோ விலகிப்போகப் பார்க்கிறாள். லாரன்ஸ் 'போகாதே' என்று கெஞ்சவில்லை. அவள் கிழித்த உடைக்கான பணம் பாக்கி இருக்கிறது, வடக்குக் காடு வரை வந்தாவது வசூல் செய்வேன் என்று கத்துகிறான். கணக்கு புரியாதவருக்கு இந்த வரி பாதிதான் புரியும்.

சரி, பழையதற்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ரூவின்ஹைகன் என்ற நகரில் கவச விலை சரிந்து லாரன்ஸ் கடனில் மூழ்கும் கட்டம். தெரிந்தவர்களிடமெல்லாம் கைமாற்றுக் கேட்டுப் போகிறான். பெண்ணோடு சுற்றிக்கொண்டு கடன் கேட்கிறாயா என்று விரட்டுகிறார்கள். அந்த ஆத்திரத்தில், தன்னைத் தொட வந்த ஹோலோவின் கையைத் தட்டிவிடுகிறான். அடுத்த நொடி தான் செய்தது அவனுக்கே உறைக்கிறது. புதியதிலும் காட்சி இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் பழையதன் மங்கிய பழுப்பு நிறத்தில், கோடுகள் அங்கங்கே கோணலாக இருந்தும், அந்த மௌனம் நெஞ்சில் உட்கார்கிறது. புதியதில் எல்லாம் பளிச்சென்று துடைத்து வைத்தது போல இருக்கிறது. யூஜி யோஷினோவின் பழைய இசையில் சந்தைப் புழுதி வாசனை அடிக்கும். கெவின் பென்கினின் புதிய இசை அழகுதான், ஆனால் எனக்குக் கொஞ்சம் சுத்தமான அழகு. நாசூக்கான ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

நாவல்தான் எல்லாவற்றையும்விட மேல் என்பார்கள். உண்மைதான், 2011-ல் முதன்மைக் கதை முடியும்போதே 17 தொகுதிகள். ஆனால் கொஷிமிசுவின் குரலில் ஹோலோ 'நான்' என்பதற்கு 'வாச்சி' என்று சொல்லும் தோரணை காகிதத்தில் கிடைக்காது.

அப்புறம், எதில் தொடங்குவது? 2024-ன் 25 பகுதிகளில் தொடங்குங்கள். முதல் நான்கு தொகுதிகள் அதில் வரிசையாக வருகின்றன. 2009-ல் வந்த பழையதன் இரண்டாம் பருவம் நான்காவதை, அதாவது தெரெயோ கிராமத்துக் கதையை, தாண்டிக் குதித்துவிட்டது. ஆனால் அந்தப் பருவத்தின் பின்பாதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது ஐந்தாம் தொகுதி, 2024-ன் அந்த 25 பகுதிகளில் இல்லாதது. லெனோஸ் நகரில் ஏவ் என்ற பெண் வணிகரோடு தோல் வியாபாரத்தில் இறங்க லாரன்ஸுக்கு முதல் வேண்டும். கடன் கொடுப்பவர்கள் ஈடு கேட்கிறார்கள். அவனிடம் இருப்பது ஹோலோ மட்டும்தான். அவளை உயர்குடிப் பெண் என்று சொல்லி அடகு வைக்கிறான், அவளும் சம்மதித்தே போகிறாள்.