அல்புஹாரா மலைப்பாதை: தண்ணி சத்தத்தோட நடந்த அஞ்சு நாள்

முதல்லயே மார்க் சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் எங்க போச்சுன்னு பின்னாடி சொல்றேன். ஸ்பெயின்ல கிரனாடா வரைக்கும் போறவங்க நிறைய பேர் அல்ஹாம்ப்ரா அரண்மனைய பார்த்துட்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏறிடறாங்க, ஆனா அங்கருந்து பஸ்ல ஒரு ரெண்டு மணி நேரம் போனா சியரா நெவாடா மலையோட தெற்குச் சரிவுல அல்புஹாரான்னு ஒரு பகுதி இருக்கு, வெள்ளை வெள்ளையா சின்னச் சின்ன ஊருங்க மலையில ஒட்டிக்கிட்டு நிக்கும், ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்குக் கழுதை போன பழைய பாதைங்க இன்னும் அப்படியே இருக்கு. நானும் என் வீட்டுக்காரரும் அக்டோபர் நடுவுல அஞ்சு நாள் அங்க ஊர் ஊரா நடந்தோம். பம்பனேய்ரால ஆரம்பிச்சு த்ரெவேலெஸ்ல முடிச்சோம்.

ஜிஆர் 7-ன்னு ஒரு நெடுந்தூரப் பாதை, ஸ்பெயினோட தெற்கு முனையில டரிஃபாலருந்து அண்டோரா வரைக்கும் போகுது, அதுல ஒரு துண்டுதான் இந்த ஊருங்க வழியா வருது. பாறையிலயோ மரத்துலயோ மேல வெள்ளை, கீழ சிவப்புன்னு ரெண்டு கோடு பெயின்ட்ல இருந்தா சரியான பாதை, அதே ரெண்டு நிறத்துல பெருக்கல் குறி போட்டிருந்தா அந்தப் பக்கம் போகக்கூடாது. வெள்ளை மஞ்சள் கோடுன்னா ஊரைச் சுத்தின சின்னப் பாதை. இது மனசுல பதிஞ்சுட்டா பாதி பயம் போயிடும்.

முதல் நாள் பம்பனேய்ரா, புபியோன், கபிலேய்ரா. மூணும் போக்கேய்ரா பள்ளத்தாக்குல ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி வச்ச மாதிரி இருக்கு, பம்பனேய்ரா 1,060 மீட்டர் உயரம்னா கபிலேய்ரா 1,436 மீட்டர். தூரம் கம்மிதான், ஆனா ஏத்தம் நல்ல ஏத்தம், கல் பாவின பாதை, முட்டி வலி இருக்கிறவங்க குச்சி எடுத்துட்டுப் போங்க. பம்பனேய்ராவுல பகல் பதினோரு மணிக்கு மேல டூரிஸ்ட் பஸ் வரிசையா வந்துடுது, ஹராப்பான்னு சொல்ற கலர் கலரான நெசவு விரிப்பு விக்கிற கடைகளுக்கு முன்னாடி நிக்கவே இடம் இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதே தெருவுல நாங்க ரெண்டு பேரும் ஒரு பூனையும் மட்டும்தான். அதனால பகல்ல வந்து போட்டோ எடுத்துட்டுத் திரும்பாதீங்க, ராத்திரி தங்குங்க.

இந்த வீடுங்களப் பத்திச் சொல்லியே ஆகணும். ஸ்பெயின்ல மத்த இடத்துல பார்க்கிற ஓட்டுக் கூரை இங்க கிடையாது, எல்லாம் தட்டைக் கூரை. கஷ்கொட்டை மர உத்தரம் போட்டு, அது மேல பலகைக்கல் பரப்பி, அதுக்கும் மேல லௌனான்னு ஒரு சாம்பல் நிறக் களிமண்ணைக் கொட்டி விடறாங்க, இந்த மலையிலயே கிடைக்கிற மண்ணு, மழைத் தண்ணியை உள்ள விடாது. மொட்டை மாடியில அத்திப்பழம், மிளகாய் எல்லாம் காய வைக்கிற பழக்கம் உண்டு. தெருவுக்கு மேலயே ஒரு வீட்டோட மாடி நீண்டு போய் எதிர் வீட்டுச் சுவரைத் தொடும், கீழ நிழலா ஒரு வழி, அதுக்கு தினாவோன்னு பேரு, நாங்க போனப்ப அங்க ஒரு பாட்டி நாற்காலி போட்டு உக்காந்து கஷ்கொட்டை உரிச்சிட்டு இருந்தாங்க. மொராக்கோ அட்லஸ் மலையில பெர்பர் ஜனங்க கட்டுற வீடும் இதே ஜாடைதான். புபியோன்ல ஒரு பழைய வீட்டை அப்படியே மியூசியமா வச்சிருக்காங்க, சின்னதுதான், ஆனா முதல் நாளே பார்த்துடுங்க, அப்புறம் நடக்கிற ஒவ்வொரு தெருவும் புரியும்.

ஏன் இந்த ஜாடைன்னா, இதைக் கட்டினது முன்னாடி இங்க இருந்த முஸ்லிம் ஜனங்க, அந்த ஊரு இப்ப அவங்க கையில இல்ல. 1492-ல முஸ்லிம் சுல்தானுங்க ஆண்ட கிரனாடா ஸ்பெயினோட கிறிஸ்தவ ராஜாங்ககிட்ட விழுந்துச்சு, கடைசி சுல்தான் போவாப்தில்லுக்கு இந்த மலைப்பகுதியைத்தான் கொடுத்தாங்க, அவரு அடுத்த வருஷமே கடல் தாண்டி வட ஆப்பிரிக்காவுக்குப் போயிட்டாரு. இங்க இருந்த முஸ்லிம் ஜனங்களைக் கட்டாயமா மதம் மாத்துனாங்க, 1567-ல ரெண்டாம் ஃபிலிப் ராஜா அரபி பேசக்கூடாது, அவங்க உடை உடுத்தக்கூடாதுன்னு உத்தரவு போட்டாரு, 1568 கிறிஸ்துமஸ் சமயத்துல இந்த மலை முழுக்கக் கலகம் வெடிச்சது. 1571-க்குள்ள அடக்கிட்டாங்க, ஜனங்களைக் கூட்டம் கூட்டமா ஊரை விட்டு ஓட்டி, வடக்குலருந்து வேற ஆளுங்களைக் கொண்டு வந்து குடி வச்சாங்க. வந்தவங்களுக்கு இந்த வாய்க்காலும் படிக்கட்டு வயலும் எப்படி நடத்துறதுன்னு தெரியாது, அதனால கத்துக் கொடுக்க ஊருக்கு ரெண்டு பழைய குடும்பத்தை மட்டும் விட்டு வச்சாங்கன்னு அங்க சொல்றாங்க. அதைக் கேட்டதுலருந்து எனக்கு அந்த ரெண்டு குடும்பம் மேலயே நினைப்பு. அக்கம்பக்கம் எல்லாரையும் துரத்தின அப்புறம் அவங்க வீட்டுக்கு வந்த புது ஆளுக்கு மடை திறக்கச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க இல்லையா, அந்தப் பொழுது எப்படி இருந்திருக்கும்.

இப்ப தண்ணிக்கு வரேன், என்னைப் பொறுத்தவரை இந்த நடையோட உசிரே அதுதான். அசேக்கியான்னு சொல்ற வாய்க்கால், பேரே அரபிதான், மலை உச்சியில பனி உருகுற தண்ணியைக் கிலோமீட்டர் கணக்கா சரிவைச் சுத்தி மெதுவாக் கொண்டு வருது. நீங்க நடக்கிற பாதை பல இடத்துல அந்த வாய்க்கால் கரையேதான். இதுல ஒரு வகை இருக்கு, கரேயோன்னு பேரு, வசந்த காலத்துல பனி உருகி வர்ற தண்ணியை நேரா வயலுக்கு விடாம, மேல தண்ணி உறிஞ்சுற மண்ணு இருக்கிற சரிவாப் பார்த்து அங்க கொட்டி விட்டுடறாங்க. அது மலைக்குள்ள இறங்கி, மெல்ல மெல்ல ஊறி, வெயில் காலத்துல கீழ ஊத்தா வெளிய வருது. தண்ணியை விதைக்கிறதுன்னே அங்க சொல்றாங்க. அணை கிடையாது, மோட்டார் கிடையாது, மலையே தொட்டி. இதைப் பார்த்துக்க ஒரு ஆள் உண்டு, நம்ம நீர்க்கட்டி மாதிரியேதான், அசேக்கியேரோன்னு கூப்பிடறாங்க. இளசுங்க பட்டணம் போயிட்டதால எத்தனையோ வாய்க்கால் தூர்ந்து போய்க் கிடக்கு, கிரனாடா பல்கலைக்கழகத்து ஆளுங்க ஊர்க்காரங்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கிட்டு மண்வெட்டியோட போய் ஒவ்வொண்ணா சுத்தம் பண்ணிட்டு வராங்க, எனக்கு அவங்க கால்ல விழலாம் போல இருக்கு. சில இடத்துல வாய்க்காலை மூடிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்காங்க. தண்ணி சேதாரம் ஆகாதுதான், ஆனா அந்தக் கசிவை நம்பித்தான் கரையோரம் அவ்வளவு பெரிய கஷ்கொட்டை மரங்க நிக்குது, கசிவு நின்னா மரம் என்ன பண்ணும்?

ரெண்டாவது நாள் கபிலேய்ராவுலருந்து லா செபதில்லா வரைக்கும் போய்ட்டு ஆத்துக்கு அந்தப் பக்கமா திரும்பி வந்தோம். மின்சார நிலையத்து வேலையாளுங்க குடியிருந்த ஊரு அது, இப்ப ஆளில்லாம காலியா கிடக்கு. சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணி எல்லாம் கபிலேய்ராவுலயே வாங்கிடுங்க. வழியில மலை ஆடுங்களைப் பார்த்தோம், வளைஞ்ச கொம்போட பாறை மேல நின்னு நம்மள வேடிக்கை பார்க்குது, பயமே இல்ல.

மூணாவது நாள்லதான் அந்த அரை மார்க் போச்சு. புபியோன்லருந்து முகட்டைத் தாண்டி பிட்ரெஸ் பக்கம் இறங்கணும், மேல காட்டுக்குள்ள வண்டித் தடம் ஏகப்பட்டது குறுக்க குறுக்க வருது, பெயின்ட் கோடு ஒரு இடத்துல வெளுத்துப் போய் கண்ணுக்கே தெரியல, நாப்பது நிமிஷம் தப்பான பக்கம் போய்த் திரும்பி வந்தோம். போன்ல மேப் டவுன்லோட் பண்ணி வச்சதால பிழைச்சோம், சிக்னல் அங்க சுத்தமா இல்ல. இன்னொண்ணு, ஒரு ஊர்ல தங்கின விடுதியில ராத்திரி குளிரு நடுங்குது, ஹீட்டர் போடுங்கன்னா நவம்பர்லருந்துதான் போடுவோம்னு சொல்லிட்டாங்க. அக்டோபர்ல போறவங்க ரூம் போடும்போதே ஹீட்டர் பத்திக் கேட்டுடுங்க.

ஆனா அந்த மூணாவது நாள் மதியமே எல்லாம் மறந்து போச்சு. லா தாஹான்னு பிட்ரெஸையும் சேர்த்து ஏழு ஊரு அடங்கின ஒரு பஞ்சாயத்து மாதிரி, மெசினா, ஃபொண்டாலெஸ், ஃபெர்ரெய்ரோலா இதெல்லாம் அதுல வரும். டூரிஸ்ட் பஸ் எதையும் நாங்க அங்க பார்க்கல. ஃபொண்டாலெஸ்லருந்து கீழ இறங்கினா ஆத்து மேல ஒரு பழைய பாலம், ஃபெர்ரெய்ரோலா பக்கத்துல ஒரு ஊத்து, தண்ணி சோடா மாதிரி நுரைக்குது, இரும்பு வாடை அடிக்குது, சுத்தி இருக்கிற கல்லு பூரா துருப் பிடிச்ச செவப்பு. போர்த்துகோஸ் தாண்டினதும் ரோட்டோரம் ஃபுயென்தே அக்ரியான்னு இதே மாதிரி பெரிய ஊத்து ஒண்ணு இருக்கு, குழாய் குழாயா விழுது, ஒவ்வொண்ணும் வேற ருசின்னு சொல்றாங்க, எனக்கு எல்லாம் ஆணியை நக்கின மாதிரிதான் இருந்துச்சு, அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போய் பாட்டில் நிறைய பிடிச்சுக்கிட்டாரு. நேரம் கம்மியா இருந்தா கபிலேய்ராவை விட்டுட்டுக் கூட இந்த லா தாஹாவுல ரெண்டு நாள் இருங்க.

சாப்பாடு. அசைவம்னா பிரச்சினையே இல்ல, உருளைக்கிழங்கு, பொரிச்ச முட்டை, பன்றி ரத்த சாசேஜ், ஹமோன்னு சொல்ற உப்புப் போட்டுக் காய வச்ச பன்றித் தொடை எல்லாம் ஒரே தட்டுல மலை மாதிரி வச்சுக் கொடுக்கிறாங்க, நடந்த பசிக்கு சரியா இருக்கும். சைவம் கஷ்டம், முடியாததில்ல. நான் சைவம், "சின் கார்னே, சின் ஹமோன்"னு, அதாவது கறி இல்லாம, ஹமோன் இல்லாமன்னு ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும், ஏன்னா கறி வேண்டாம்னா ஹமோனைத் துண்டு துண்டா மேல தூவிக் கொண்டு வராங்க, அவங்க கணக்குல அது கறியே இல்ல. வெங்காயம் குடமிளகாய் போட்டு எண்ணெயில வதக்கின உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் சீஸ், தக்காளி சாலட், தேன், அத்திப்பழம், இதுலயே அஞ்சு நாள் ஓடிருச்சு. கடைங்க மதியம் ரெண்டுலருந்து அஞ்சு வரைக்கும் மூடிடும், ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்கு முன்னாடி கிடைக்காது, கையில பழம் பிஸ்கட் வச்சுக்கோங்க.

கடைசி ஊரு த்ரெவேலெஸ், 1,476 மீட்டர். ஸ்பெயின்லயே உயரமான ஊருன்னு சொல்லிக்கிறாங்க, அது உண்மை இல்ல, ஸ்பெயினோட கிழக்குல தெருவேல் மாகாணத்துல இதைவிட உயரத்துல ஊரு இருக்கு. இங்க பன்றித் தொடையை உப்புல போட்டு மலைக் காத்துல மாசக் கணக்கா காய வைக்கிறாங்க, 1862-ல இசபெல் ராணி இந்த ஹமோனுக்குத் தன் முத்திரை கொடுத்தாங்க, கடைக்குள்ள நுழைஞ்சா தலைக்கு மேல வரிசையா தொங்குது, எனக்கு அந்த வாடை ஒத்துக்கல. மேல முலாசென் சிகரம், 3,479 மீட்டர், ஐபீரியத் தீபகற்பத்துலயே உயரம் அதுதான், போவாப்தில்லோட அப்பா சுல்தான் பேருதான் அதுக்கு. நாங்க ஏறல. ஏறணும்னு இருந்தா ஜூலைலருந்து செப்டம்பருக்குள்ள போங்க, கபிலேய்ராவுலருந்து தேசியப் பூங்காவோட சின்ன பஸ் மேல வரைக்கும் கொண்டு விடும், அங்கருந்து மூணு மணி நேரம் ஏறணும்னு விடுதியில சொன்னாங்க. பனிக் காலத்துல அனுபவம் இல்லாதவங்க ஏறவே ஏறாதீங்க.

அஞ்சாவது நாள் ராத்திரி ஜன்னலைத் திறந்து வச்சுப் படுத்தோம், குளிருதான், ஆனா தெருவோரமா ஓடுற வாய்க்கால் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. கிரனாடா ஹோட்டல்ல அடுத்த நாள் ராத்திரி அந்தச் சத்தம் இல்லாம ரெண்டு பேருக்கும் தூக்கம் வரல.