கார் ஷெட் தரையில் ஆயில் கறை: ஆசிட்டா, டீகிரீசரா, சலவை சோடாவா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஹார்டுவேர் கடைக்குப் போய் 'ஷெட்டுல ஆயில் கறை' என்று சொன்னால் முதலில் கைக்கு வருவது ஆசிட் பாட்டில். அடுத்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டீகிரீசர் கேன். சலவை சோடாவை நாமாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். காங்கிரீட் தரைக்கு இதில் கொடுத்த காசுக்கு வேலை செய்வது அந்தச் சோடாதான்.

ஆசிட் ஊற்றியதும் நுரை பொங்கும், அழுக்கு கழன்று வருகிற மாதிரி இருக்கும். பொங்குவது சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு. ஆயில் ஊறிய இடத்தில் ஆசிட் பிடிக்காது. சுற்றியுள்ள நல்ல தரையைத்தான் அரிக்கும். காய்ந்த பிறகு பார்த்தால் கறை அப்படியே கிடக்கும், சுற்றிலும் மணல் தெரியும். உப்புக்காற்றிலேயே துருவேறும் ஷட்டருக்கு ஆசிட் புகை வேறு. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய ஷெட்டில் அது உயிருக்கே ஆபத்து.

டீகிரீசர் என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்தால் அது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது, எஞ்சின் கழுவுவதற்கானது. தரையில் ஊற்றினால் ஆயிலை இளக்கி இன்னும் ஆழத்துக்கு இறக்கிவிடும். தண்ணீர் தெளிவாக இருந்து விரலில் வழவழத்தால் காரவகை, தரைக்கு அதுதான்.

சோடா வாங்கும்போது 'சலவை' என்று அழுத்திச் சொல்லுங்கள். ஆப்ப சோடா மென்காரம், இந்த வேலைக்கு ஆகாது. முதலில் தடித்த மண்டியைப் பட்டித் தகட்டால் சுரண்டி எடுங்கள். கறை புதிதென்றால் மரமில்லில் கிடைக்கும் ரப்பர் மரத்தூளைப் போட்டுக் காலால் மிதித்து அள்ளுங்கள், அதிலேயே பாதி வந்துவிடும். பிறகு கொதிக்கக் கொதிக்க 5 லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ சோடா, பாத்திரம் கழுவும் லிக்விட் 2 ஸ்பூன். கலப்பது பிளாஸ்டிக் வாளியில். அலுமினியச் சருவத்தில் சோடாவைக் கொட்டினால் சருவம் அரிபடும். கையுறை கட்டாயம்.

ஊற்றியதும் தேய்க்க வேண்டாம். அரை மணி நேரம் ஊற வேண்டும், அதுவரை தரை காயக்கூடாது. காய்கிற மாதிரி இருந்தால் மேலும் கொஞ்சம் ஊற்றுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த அரை மணியில்தான். தேய்க்க முரட்டு நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ் உதிர்க்கும் இரும்புத்தூள் மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துருக்கும். தேய்த்ததும் ஹோஸை எடுத்து அடித்தால் கரைந்த ஆயில் ஷெட் முழுக்கப் பரவும். அந்தக் கறுப்புத் தண்ணீரின் மேல் மரத்தூளைப் போட்டு அள்ளிச் சாக்கில் கட்டுங்கள், அதன்பிறகு இரண்டு தடவை அலசுங்கள். கிணற்றுப் பக்கமோ குளத்துப் பக்கமோ ஓடவிட வேண்டாம். அலசியது போதாவிட்டால் காய்ந்தபின் வெள்ளையாகப் பூக்கும்.

வருடக்கணக்கில் ஊறிய கறைக்குப் பற்று போட வேண்டும். கோலமாவோ டால்கம் பவுடரோ எடுத்து, காரவகை டீகிரீசரில் இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, ஒரு செ.மீ. கனத்தில் அப்பி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஓரத்தை ஒட்டுங்கள். மறுநாள் ஷீட்டை எடுத்துக் காயவிடுங்கள். காயும்போதுதான் ஆயில் மேலேறி மாவுக்குள் வரும். ஜூன், ஜூலை மழையில் தரையே ஈரம் காயாது, பற்றும் காயாது. ஜனவரி முதல் மார்ச் வரை செய்தால் பலன் தெரியும். இரண்டு மூன்று பற்று ஆகலாம்.

தேங்காய் எண்ணெய் சிந்திய கறை இதைவிடச் சுலபம். சுடுகாரத்தில் அது கொஞ்சம் சோப்பாகவே மாறிக் கழன்று வரும். எஞ்சின் ஆயில் அப்படி மாறாது. ரப்பர் பால் சிந்தினால் ஈரத்தில் கைவைக்காதீர்கள், உறைந்து ஒட்டுப்பால் ஆனபின் ஓரத்தைக் கிளப்பி உரித்துவிடலாம். டயரில் வரும் செம்மண் நிறம் இரும்பு சம்பந்தப்பட்டது, சோடாவுக்கு அசையாது.

பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் காய்ந்த தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் சரி. முத்தாக நின்றால் உள்ளே ஆயில் மிச்சம் இருக்கிறது. அதன்மேல் எபாக்சி பெயின்ட் அடித்தால் டயர் சூட்டில் தகடு தகடாக உரிந்து வரும்.