ஹேண்டிகேம் டேப்பை டிவிடிக்கு மாத்த எந்த பிளேயர் வாங்கலாம்: பழைய டிஜிட்டல்8 கேமரா பத்தி என் ரிவ்யூ

பழைய ஹேண்டிகேம் டேப்பை டிஸ்க்ல போடணும்னு கிளம்புற முக்காவாசி பேர் முதல்ல கேப்சர் டாங்கிள் (வீடியோ சிக்னலை கம்ப்யூட்டருக்குள்ள எடுக்கற சின்ன டப்பா), சாஃப்ட்வேர் இதத்தான் தேடறாங்க, டேப்பை ஓட்டறதுக்கு ஏதோ ஒரு கேமரா கிடைச்சா போதும்னு விட்டுடறாங்க. எனக்கு இது தலைகீழா தெரியுது. பிளேயர்ல டேப்பை படிக்கற பாகமான ஹெட்டு சரியா எடுக்காத சிக்னலை அதுக்கப்புறம் எந்த பாக்ஸும் திருப்பிக் கொண்டு வராது. கலங்கின தண்ணிய இறைச்சுட்டு வெள்ளிக் குடத்துல ஊத்தி வச்சா தெளிஞ்சுடுமா? அதனால பட்ஜெட் கம்மின்னா கம்மியா இருக்கற காசு மொத்தமும் பிளேயருக்குத்தான் போகணும், இந்த ரிவ்யூல நான் சொல்லப்போறதும் அதத்தான்.

முதல்ல கையில இருக்கற டேப் என்னன்னு பாருங்க. 1985ல வந்த வீடியோ8, 1989ல வந்த ஹை8, 1999ல சோனி கொண்டுவந்த டிஜிட்டல்8, மூணுமே பார்க்க ஒரே சைஸ் கேசட்தான், மொத்தமா 8எம்எம்னு சொல்வாங்க, உள்ள ரெக்கார்ட் ஆகியிருக்கற விதம்தான் வேற. விஎச்எஸ் டேப்போட குட்டி கேசட்டான விஎச்எஸ்-சின்னா வேலை சுலபம், அதுக்கு அடாப்டர் கேசட் உண்டு, அதுல போட்டு சாதாரண விசிஆர்லயே ஓட்டிடலாம். இதப் பார்த்துட்டு 8எம்எம் டேப்புக்கும் அடாப்டர் கேட்டு அலையறவங்க நிறைய, தயவுசெஞ்சு அலையாதீங்க, அப்படி ஒண்ணு கிடையாது. டேப்போட அகலமே வேற, ரெக்கார்ட் ஆகற முறையும் வேற, அது விசிஆர்ல ஓடவே ஓடாது.

8எம்எம் டேப் வச்சிருக்கறவங்களுக்கு நான் தைரியமா சொல்றது செகண்ட் ஹேண்ட் சோனி டிஜிட்டல்8 கேமரா, அதுவும் அனலாக் டேப்பையும் பிளே பண்ற மாடல். இதோட அருமை என்னன்னா பழைய வீடியோ8, ஹை8 டேப்பை உள்ள போட்டா கேமராவே அதை DVங்கற டிஜிட்டல் வீடியோ ஃபார்மட்டுக்கு மாத்தி ஃபயர்வயர்ங்கற கேபிள் வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பிடும், தனியா கேப்சர் கார்டே வேணாம். படமும் சத்தமும் ஒரே ஸ்ட்ரீமா சேர்ந்து வர்றதால, டேப் ஓட ஓட உதடு அசையறது முன்னாடியும் குரல் பின்னாடியும் போற அந்த தொல்லை கிட்டத்தட்ட இல்லவே இல்ல. மெனுக்குள்ள பிளேயர் செட்டிங்ல டிபிசி, டிஎன்ஆர்னு ரெண்டு ஆப்ஷன் இருக்கும். டிபிசி ஆன்லயே இருக்கட்டும், படத்துல கோடெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு ஆடறதை அதுதான் நேராக்குது, சுவத்து ஓரம், கதவு நிலை மாதிரி நேர் கோடு வர்ற இடத்துல ஆன் ஆஃப் பண்ணிப் பார்த்தா வித்தியாசம் உடனே கண்ணுல படும். டிஎன்ஆர் புள்ளி இரைச்சலைக் குறைக்கும், ஆனா சில டேப்ல வேகமா அசையற இடத்துல லேசா இழுக்கும், அது ஒவ்வொரு டேப்பா பார்த்து முடிவு பண்ணிக்கறது நல்லது.

குறையும் இருக்கு. DV ஃபார்மட் கலரை கொஞ்சம் சுருக்கித்தான் வைக்கும், என்டிஎஸ்சில (அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து டிவி முறை) அகலவாக்குல இன்னும் அதிகமா சுருக்கும், அடர் சிவப்பு துணியோட ஓரத்துல கலர் பரவின மாதிரி தெரியறது அதனாலதான். ஃபைலும் பெருசு, ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 13 ஜிபி. ஆனா குடும்ப டேப்புக்கு, இந்த பட்ஜெட்ல, இவ்ளோ நிம்மதியா முடியற வழி வேற நான் பார்க்கல.

வாங்கறப்ப ஏமாறக்கூடிய இடம் மாடல் நம்பர். எல்லா டிஜிட்டல்8 கேமராவும் பழைய அனலாக் டேப்பை ஓட்டாது. டிசிஆர்-டிஆர்வி350, டிஆர்வி480 ஓட்டும், ஆனா பார்க்க அதே ஜாடையில இருக்கற டிஆர்வி280 டிஜிட்டல்8ல எடுத்ததை மட்டும்தான் ஓட்டும். விக்கறவருக்கே இது தெரிஞ்சிருக்காது, அதனால அவர் வார்த்தையை நம்பாம மாடல் நம்பரை வச்சு மேனுவலைத் தேடி எடுத்து ஹை8 பிளேபேக் இருக்கான்னு பார்த்துட்டு காசு குடுங்க. PAL (இந்தியாவுல இருந்த டிவி முறை) டேப்புக்கு PAL கேமரா, என்டிஎஸ்சி டேப்புக்கு என்டிஎஸ்சி கேமரா, இதையும் மறந்துடாதீங்க. அப்புறம் கேமராவுல யூஎஸ்பி ஓட்டை இருக்கேன்னு அதுல கேபிள் சொருகி எடுக்காதீங்க, அதுல வர்றது சின்ன சைஸ் மங்கல் படம்தான், முழு குவாலிட்டி ஃபயர்வயர்லதான் வரும். கம்ப்யூட்டர்ல ஃபயர்வயர் இல்லேன்னா டெஸ்க்டாப்புக்கு ஒரு கார்டு போட்டுக்கலாம், லேப்டாப் மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு இது உண்மையிலேயே தலைவலிதான்.

அவங்களுக்கு ரெண்டாவது வழி, நல்லா ஓடற ஹை8 கேமராவும் ஒரு உருப்படியான யூஎஸ்பி கேப்சரும். கேமராவுல வெளிச்சத்தையும் கலரையும் தனித்தனியா அனுப்பற எஸ்-வீடியோ அவுட் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. டேப்ல வெளிச்சமும் கலரும் பிரிஞ்சேதான் இருக்கு, சாதாரண மஞ்சள் வீடியோ கேபிள்ல போனா ரெண்டையும் கலந்து மறுபடி பிரிக்க வேண்டியதாகுது, கலர் ஓரத்துல புள்ளி புள்ளியா ஊர்றது அந்த இடத்துலதான் வருது. கேப்சர்ல ஐ-ஓ டேட்டா ஜிவி-யூஎஸ்பி2 பரவாயில்ல, எல்காட்டோ வீடியோ கேப்சர் 640க்கு 480ல எச்264 ஆ சுருக்கி எடுக்கும், சுலபம்தான், ஆனா டிவிடி போடறதுக்கு 720 அகலத்துல முழுசா எடுக்கறதே நல்லது. பேரே இல்லாத ரொம்ப மலிவான டாங்கிள்ல உள்ள எந்த சிப்பு இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஃபிரேம் விட்டுப்போய் சத்தம் தள்ளிப்போகும், நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கம்ப்யூட்டரே வேணாம்னா டிவிடி ரெக்கார்டர். கேமராவை மாட்டி ரெக்கார்ட் அழுத்தினா வேலை முடிஞ்சுது, எக்ஸ்பி மோடுல ஒரு டிஸ்குக்கு ஒரு மணி நேரம், எஸ்பில ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல இழுத்தா படம் கட்டம் கட்டமா உடையும். கடைசியில ஃபைனலைஸ் (டிஸ்கை முடிச்சு மூடறது) பண்ணலேன்னா வேற பிளேயர்ல ஓடாம போகலாம். சிக்னல் ரொம்ப ஆடற டேப்பை சில ரெக்கார்டர் காப்பி புரொடக்‌ஷன்னு தப்பா எடுத்துக்கிட்டு ரெக்கார்ட் பண்ண மறுத்துடும், நம்ம வீட்டு விசேஷ டேப்பையே. பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 ரெண்டும் ரெக்கார்ட் பண்ணாட்டிகூட பிரயோஜனம், விசிஆருக்கும் கேப்சருக்கும் நடுவுல வச்சா ஆடற படத்தை நல்லா நிறுத்திக் குடுக்கும், விஎச்எஸ்-சி டேப் வச்சிருக்கறவங்க இதைக் கட்டாயம் யோசிங்க.

பழைய கேமரா வாங்கும்போது பேட்டரி செத்திருந்தா கவலையே படாதீங்க, ஆனா ஒரிஜினல் பவர் அடாப்டர் இருக்கணும். டேப் போட்டு ஓட்டி, முன்னாடி பின்னாடி சுத்தி, வெளிய எடுக்கற வரைக்கும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சோனில சி:21 வந்தா உள்ள ஈரம்னு அர்த்தம், காய்ஞ்சா போயிடும். சி:22 ஹெட்டு அழுக்கு, கிளீனிங் கேசட் போட்டா சரியாகும். சி:31, சி:32 வந்தா அது மெக்கானிசம் பிரச்சனை, எவ்ளோ கம்மி விலைக்கு வந்தாலும் வேணாம். 90கள் ஆரம்பத்துல வந்த ஹை8 கேமராவுல கெபாசிட்டர் கசியறது சகஜம், அதனால அதுக்குப் பின்னாடி வந்ததா பாருங்க.

மினிடிவி டேப்புக்கு பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ஃபயர்வயர் இருக்கற எந்த மினிடிவி கேமராவும் டேப்ல இருக்கற டேட்டாவை அப்படியே எடுத்துக் குடுக்கும். ஒரே டேப்ல அதிக நேரம் எடுக்கற எல்பி மோடுல எடுத்த டேப் மட்டும் அடம் பிடிக்கும், அதை எடுத்த கேமராவே கிடைச்சா அதுலயே ஓட்டுங்க. அதே கேசட்ல எச்டி படம் எடுக்கற HDV முறையில எடுத்ததுன்னா HDV கேமராதான் வேணும்.

எந்த மெஷின் வாங்கினாலும் முக்கியமான டேப்பை முதல்ல உள்ள விடாதீங்க, போனாலும் பரவாயில்லன்னு நினைக்கற ஒரு டேப்பை ஓட்டிப் பாருங்க. வெள்ளையா பூஞ்சை படிஞ்ச டேப்பை போடவே போடாதீங்க, ஹெட்டுல ஒட்டி அடுத்தடுத்த டேப்புக்கெல்லாம் பரவிடும். அழியாம இருக்க லாக்கை சேவ் பக்கம் தள்ளிட்டு, வருஷக்கணக்கா சும்மா கிடந்த டேப்னா ஒரு தடவை கடைசி வரைக்கும் முன்னாடி சுத்தி, திரும்ப பின்னாடி சுத்திட்டு அப்புறம் பிளே பண்ணுங்க.

டிஸ்க் எழுதறப்ப 4.7 ஜிபி டிஸ்க்ல ஒரு மணி நேரம்னு வச்சுக்கிட்டா படம் நல்லா நிக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் மேல் ஃபீல்டு, கீழ் ஃபீல்டுன்னு ரெண்டு பாதியா இருக்கும், DV ஃபைல்ல கீழ் ஃபீல்டுதான் முதல்ல, சாஃப்ட்வேர்ல அதை மாத்தி வச்சா யாராவது நடந்தாலே படம் முன்னும் பின்னும் உதறும், அதனால ஓடற குழந்தை, ஆடற ஊஞ்சல் மாதிரி இடத்தை ஒரு டிஸ்க்ல போட்டு டிவியிலயே பார்த்துட்டு மீதியை எழுதுங்க. டிவிடி எழுதியாச்சுன்னு அந்த 13 ஜிபி ஃபைலை அழிச்சுடாதீங்க, ஹார்ட் டிஸ்க்ல இன்னொரு காப்பி இருக்கட்டும், எல்லா டிஸ்கையும் கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்து முடிக்கற வரைக்கும் கேமராவையும் யாருக்கும் வித்துடாதீங்க.